கடலூரில் ஒரு ரீஃபர்பிஷ்டு கணினிக் கடை: முதல் கணினி வாங்குவோருக்கான மதிப்புரை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட மேசைக்கணினிகளை வாங்கி, சுத்தம் செய்து, தேய்ந்த பாகங்களை மாற்றி விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. என் அக்காவின் தையல் கடைக் கணக்குக்கும், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகளின் படிப்புக்கும் பொதுவாக ஒரு கணினி தேவைப்பட்டதால், சென்ற மழைக்காலத்துக்கு முன் அங்கே ஒன்று வாங்கினோம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய் ஆயிற்று. அந்த வீட்டுக்கு வந்த முதல் கணினி அது. கடையைப் பற்றியும் பொருளைப் பற்றியும், முதன்முறையாகக் கணினி வாங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று எனக்குத் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் விலை அன்று. விற்பதற்கு முன் கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, வாங்குபவரின் கையாலேயே சிலவற்றைக் கழற்றி மாட்டச் செய்யும் வழக்கம் அந்தக் கடைக்காரரிடம் இருக்கிறது. நுனியை ஒடித்துப் பார்த்து வெண்டைக்காய் வாங்குகிற நாம், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் கணினியை மூடிய பெட்டியாகவே வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறோம். பிறகு அது பழுதானால், பழுது என்னவென்று சொல்பவர் சொன்னதுதான் பழுது. அவர் கேட்டதுதான் கூலி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டவரை அப்படி ஏமாற்றுவது எளிதன்று.

கடையில் வேலை செய்யும் இளைஞர் முதலில் மின்கம்பியைப் பிடுங்கினார். பிறகு பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கியிருந்த மின்சாரத்தை வெளியேற்றினார். மூடியைத் திறந்ததும், பெயின்ட் பூசாத உலோகப் பகுதி ஒன்றை அக்காவைத் தொடச் சொன்னார். நம் உடலிலும் துணியிலும் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம், நமக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக இருந்தாலும் சிப்புகளைக் கெடுத்துவிடக் கூடும் என்பதே அதற்குக் காரணம். “பயப்படாதீங்க அக்கா, ரெண்டு பக்கமும் இருக்குற கிளிப்ப வெளிய தள்ளுங்க, ராம் தானா மேல வந்துரும்” என்றார். அக்கா தள்ளினார். சீப்பு அளவுக்கு நீளமான அந்தப் பச்சைப் பலகை மேலே எழும்பி வந்தது.

அந்த ராம் பலகையின் அடிவிளிம்பில் தங்கமுலாம் பூசிய தொடுமுனைகள் வரிசையாக இருக்கின்றன. டிடிஆர்4 வகையில் அவை 288. அதற்கு முந்தைய டிடிஆர்3 வகையில் 240. விளிம்பில் ஓரிடத்தில் ஒரு வெட்டு இருக்கும். அது இரண்டு வகைகளிலும் வெவ்வேறு இடத்தில் அமைந்திருப்பதால், ஒரு வகைக்குரிய பலகையை மற்றதன் துளையில் செருக முடியாது. முடியாதபோது வலுக்கட்டாயமாக அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அந்த இளைஞர் உடைந்த துளையுள்ள ஒரு மதர்போர்டை (எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் முதன்மைப் பலகை) எடுத்துக் காட்டினார். ராமின் வேலை, நாம் அந்த நேரத்தில் செய்துகொண்டிருப்பவற்றை வைத்திருப்பது. மின்சாரம் நின்ற உடனே அதில் உள்ளவை மறைந்துவிடும். அதனால்தான் சேமிக்காமல் விட்ட கடிதம் மின்வெட்டில் காணாமல் போகிறது. எங்கள் கணினியில் இருப்பது 8 ஜிபி. கணினியில் பார்த்தால் பயன்படுத்தக் கூடியது அதைவிடச் சற்றுக் குறைவாகத் தெரிகிறது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் திரைக்கான வேலைக்கு ராமிலிருந்தே ஒரு பங்கு எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் இது குறையன்று.

கட்டளைகளை நிறைவேற்றும் சிப்பான ப்ராசசரை நேரடியாகப் பார்க்க முடியாது. அதன் மேல் அலுமினியத் தகடுகள் அடுக்கிய வெப்பத்தணிப்பானும், அதன் மேல் மின்விசிறியும் அமர்ந்திருக்கின்றன. ப்ராசசருக்கும் வெப்பத்தணிப்பானுக்கும் இடையே தடவும், வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து பொடியாகிவிடும்; வெப்பம் வெளியேறாவிட்டால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சூடு எல்லை மீறினால் கணினி அணைந்தே போகும். பழைய கணினி திணறுகிறது என்று சொல்லப்படும் பல வேளைகளில் காரணம் இந்தக் காய்ந்த பசையும், விசிறியில் அப்பிய தூசியும்தான். எங்கள் கண்ணெதிரிலேயே பழைய பசையைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய பசையை வைத்து மூடினார்கள்.

உள்ளே இருப்பது இன்டெல் கோர் ஐ5-8500. 2018ஆம் ஆண்டு வெளிவந்தது, ஆறு கோர்கள் (தனித்தனியே வேலை செய்யக்கூடிய பகுதிகள்), அடிப்படை வேகம் 3 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 300 கோடித் துடிப்புகள். ஒரு கட்டளையை ராமிலிருந்து எடுப்பது, அது கூட்டலா ஒப்பீடா என்று அறிவது, செய்து முடித்து விடையை உரிய இடத்தில் வைப்பது, அடுத்த கட்டளைக்குச் செல்வது என்ற இந்த எளிய சுற்றைத்தான் அது ஓயாமல் செய்கிறது. பாட்டு கேட்பதும், ரசீது அச்சிடுவதும், வரியின் கூட்டுத்தொகையும் எல்லாம் இந்தச் சுற்றின் வழியாகவே நடக்கின்றன என்பதை அந்த இளைஞர் சொன்னபோது, சென்ற ஆண்டு பாடநூலில் படித்த வரிகளை மருமகள் அங்கேயே நினைவுகூர்ந்தாள். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் இந்தப் பாகங்களின் பெயர்கள் எல்லாம் வருகின்றன. ஆனால் பெயரைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பொருளைக் கையில் பிடித்துப் பார்த்திருப்பார்கள் என்பது எனக்கு வருத்தம் தரும் கேள்வியாகவே இருக்கிறது.

சேமிப்பகத்தைப் பற்றிக் கடைக்காரர் எடுத்துச்சொன்ன விதம் மிகவும் தெளிவாக இருந்தது. ஒரு பழைய ஹார்ட் டிஸ்கின் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறார். கண்ணாடி போல் பளபளக்கும் தட்டும், அதன் மேல் நகரும் மெல்லிய கையும் தெரியும். தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல, அந்தக் கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓடித் தகவலைத் தேட வேண்டும். அதற்கு மாற்றாக வந்த எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் சுழலும் பாகமே கிடையாது. எல்லாம் சிப்புகளில் மின்னூட்டமாகப் பதிந்திருக்கின்றன. அதனால் தேடும் நேரம் ஏறத்தாழ இல்லாமல் போய்விடுகிறது. கணினி விழிப்பதற்கு எடுக்கும் நேரத்திலும், ஒரு மென்பொருளைத் திறப்பதிலும் சாதாரண மனிதருக்குத் தெரியும் மிகப் பெரிய வேறுபாடு இதுதான். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டி, ராமைக் கூட்டினால், எழுதவும் படிக்கவும் மீண்டும் பயன்படும் நிலைக்குப் பல கணினிகள் வந்துவிடும். புதிய கணினி கேட்டு வருகிறவர்களிடமும் இந்தக் கடைக்காரர் முதலில் “வீட்ல பழைய லேப்டாப் இருக்கா?” என்று கேட்கிறார். விற்பனையை இழக்கும் வாய்ப்பு இருந்தும் அப்படிக் கேட்பதை நான் மதிக்கிறேன்.

எங்கள் கணினியில் 256 ஜிபி எஸ்எஸ்டி புதிதாகவே மாட்டப்பட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் விண்டோஸ் 238 ஜிபி என்று காட்டும். தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டுகளாகக் கணக்கிடுகிறார்கள்; விண்டோஸ் 1,024ஐ மும்முறை பெருக்கி வரும் எண்ணால் வகுக்கிறது. இரண்டு கணக்கும் சரியானவையே. அந்தக் குறைவுக்காகக் கடைக்குத் திரும்பிச் சென்று சண்டையிட வேண்டியதில்லை.

எஸ்எம்பிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் என்ற சிறிய நேர்மின்சாரங்களாக மாற்றித் தருகிறது. மதர்போர்டின் ஓரத்தில் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி ஒன்று இருக்கிறது; கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தை ஓடவிடுவது அதுதான். தேதி அடிக்கடி பழைய ஆண்டுக்குத் தாவினால், மாற்ற வேண்டியது குறைந்த விலையுள்ள இந்தப் பேட்டரியைத்தான். தேதி தவறாக இருந்தால் பல இணையதளங்களும் திறக்க மறுக்கும் என்பதால், இதைத் தெரியாதவர்கள் இணைய இணைப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கடையின் பின்சுவரில் ஓர் அலமாரி இருக்கிறது. விற்பனைக்கு அல்லாத பழைய பாகங்கள் அதில் ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முன்பு தகவல் சேமிக்கப் பயன்பட்ட 1.44 எம்பி ஃபிளாப்பி வட்டு ஒன்றைக் கடைக்காரர் எடுத்து எங்கள் எஸ்எஸ்டியின் பக்கத்தில் வைத்தார். கணக்கிட்டுப் பார்த்தால், இந்த ஒரு எஸ்எஸ்டியில் இருப்பதைச் சேமிக்க அப்படிப்பட்ட ஃபிளாப்பிகள் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் வேண்டும். அதற்கும் முன்னால் சென்றால், 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் என்ற கணினியோடு வந்த முதல் ஹார்ட் டிஸ்க், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள்.

வரலாற்றில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, இப்படிப்பட்ட ஒரு கடை கடலூரில் இருக்க முடிவதற்கே காரணமான பகுதி. 1946இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒரு பெரிய கூடம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. 1947இல் அந்தக் குழாய்களின் வேலையைச் செய்யும் சிறிய டிரான்சிஸ்டரும், 1958, 1959ஆம் ஆண்டுகளில் ஜாக் கில்பி, ராபர்ட் நாய்ஸ் ஆகியோர் தனித்தனியே உருவாக்கிய, பல பாகங்களை ஒரே சிப்பில் அடக்கும் ஒருங்கிணைந்த சுற்றும், 1971இல் 2,300 டிரான்சிஸ்டர்களை ஒரே சிப்பில் கொண்ட இன்டெல் 4004 ப்ராசசரும் வந்தன. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கணக்கிடும் கருவிக்காகச் செய்யத் தொடங்கியதே அந்தச் சிப். இவ்வளவும் கணினியைச் சிறிதாக்கின. ஆனால் ஒரு நிறுவனத்தின் பாகம் இன்னொரு நிறுவனத்தின் கணினியில் பொருந்தும் நிலையை இவை மட்டுமே உண்டாக்கிவிடவில்லை.

அந்த நிலை 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளிவந்த ஐபிஎம் பிசியோடு தொடங்கிற்று. அதை விரைவாகச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியிருந்ததால், ப்ராசசரை இன்டெல்லிடமும், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை மைக்ரோசாப்டிடமும் வாங்கி, கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே அதை அமைத்தார்கள். அதன் தொழில்நுட்ப விவரங்களையும் நூலாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே காம்பேக் நிறுவனம், பொத்தானை அழுத்தியதும் முதலில் ஓடும் ஐபிஎம்மின் பயாஸ் நிரலை நகலெடுக்காமல் தானே புதிதாக எழுதி, அதே மென்பொருள்களை ஓட்டக்கூடிய கணினியை அறிவித்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் மதர்போர்டு செய்யலாம், யார் வேண்டுமானாலும் அதற்குரிய அட்டையும் ராமும் செய்யலாம் என்று ஆயிற்று. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி ‘அசெம்பிள்’ செய்யும் தொழிலும், ஊர்தோறும் அதைக் கற்றுக்கொண்ட இளைஞர்களும், இந்தச் சந்துக் கடையும் அந்த முடிவின் தொலைதூரப் பயன்கள். அந்த முதல் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ், அடிப்படை ராம் 16 கேபி. எங்கள் பழைய கணினி துடிப்பில் அதைவிட அறுநூறு மடங்குக்கு மேல், நினைவகத்தில் ஐந்து லட்சம் மடங்கு.

இதனால்தான் அலுவலகக் கணினிகளில் உள்ள ஒரு குறையை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இடத்தை மிச்சப்படுத்தும் சிறிய கேபினெட்டுகளில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவத்தையும், மதர்போர்டுக்குச் செல்லும் இணைப்பையும் தயாரிப்பாளர்கள் தங்களுக்கே உரியதாக மாற்றிவிடுகிறார்கள். சாதாரணக் கணினிக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் இதற்குப் பொருந்தாது. பழுதானால் அதே மாதிரிக் கணினியிலிருந்து கழற்றியதைத் தேட வேண்டும். கடைக்காரர் இதை முன்கூட்டியே சொன்னார் என்பது நல்லது. ஆனால் மாற்று எஸ்எம்பிஎஸ் தன்னிடம் எப்போதும் இருக்கும் என்று அவரால் உறுதி கூற முடியவில்லை. கொஞ்சம் பெரிய கேபினெட் வைக்க வீட்டில் இடம் இருப்பவர்கள், வழக்கமான அளவிலான எஸ்எம்பிஎஸ் உள்ளதைக் கேட்டு வாங்குவதே மேல்.

ப்ராசசர் எந்தத் தலைமுறை என்பதிலும் கவனம் தேவை. எங்களுடையது எட்டாம் தலைமுறை. கடையில் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 கணினிகள் எங்களுடையதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு இருந்தன. ஆனால் விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்று மைக்ரோசாப்ட் வரையறுத்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அலுவலகங்கள் திடீரென இவ்வளவு நல்ல கணினிகளைக் கழித்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். வங்கிக் கணக்கைத் திறக்கப் போகும் கணினியில் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தை வைத்திருப்பது தவறு. ஏழாம் தலைமுறைக்கு உட்பட்டதைத்தான் வாங்க முடியும் என்றால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவித் தரச் சொல்லலாம்; இணையம் பார்க்கவும், எழுதவும், கணக்குப் போடவும் அது போதும். இந்தக் கடையில் கேட்டால் நிறுவித் தருகிறார்கள், தனிக் கட்டணம் இல்லை.

விண்டோஸ் உரிமத்தைக் கட்டாயம் பார்த்து வாங்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகளில் உரிமக் குறியீடு மதர்போர்டிலேயே பதிந்திருப்பது வழக்கம். புதிதாக நிறுவி இணையத்தோடு இணைத்ததும் அது தானாகவே செயல்பாட்டுக்கு வந்துவிடும். அமைப்புகளில் ‘ஆக்டிவேஷன்’ பகுதியைத் திறந்து, எங்கள் முன்னிலையிலேயே காட்டினார்கள். திருட்டு மென்பொருளைப் போட்டுத் தரும் இடங்களில், அதைச் செயல்படுத்தும் சிறு நிரலோடு வைரசும் சேர்ந்து வந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

மானிட்டர் 19 அங்குலம், பழையது, ஓரத்தில் சிறு கீறல் தவிர நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் விஜிஏ என்ற பழைய வகைத் துளை மட்டுமே உண்டு. கணினியின் பின்புறத்திலோ டிஸ்ப்ளே போர்ட் என்ற புதிய வகைத் துளை மட்டும் இருக்கிறது. இடையில் ஒரு மாற்றி தேவைப்பட்டது. அதற்குத் தனியே பணம் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்து விற்கும்போது இணைக்கும் கம்பியையும் விலைக்குள் அடக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று பேசிய பிறகு கேட்டது முறையன்று. வாங்குகிறவர்கள் கேபினெட்டின் பின்புறத்தையும் மானிட்டரின் பின்புறத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துத் துளைகள் ஒத்துப்போகின்றனவா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். தந்த கீபோர்டும் தரம் குறைந்தது. ஸ்பேஸ் விசை இப்போதே ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

கடற்கரை ஊரில் கணினி வைத்திருப்பவர்களுக்கு வேறு சில கவலைகள் உண்டு. தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, அதே உப்புக்காற்று மெல்லிய செம்புக் கோடுகளுக்கும் தொடுமுனைகளுக்கும் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடல் பார்த்த ஜன்னலோரத்தில் கணினியை வைக்கக் கூடாது. நாள்கணக்கில் மூடி வைப்பதைவிட அடிக்கடி இயக்குவது நல்லது, ஓடும்போது உண்டாகும் சூடு ஈரத்தை விரட்டும். ஓடும்போது துணியால் போர்த்தவே கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து பெய்த வாரத்தில், ஒரு காலை, எங்கள் கணினியின் விசிறி சுற்றியது; திரை மட்டும் கருப்பாகவே இருந்தது; பீப் ஒலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தியதும் கணினி முதலில் தன் பாகங்களைத் தானே சோதித்துக்கொள்ளும். திரையில் காட்ட முடியாத குறையை ஒலியால் தெரிவிக்கும். மருமகள் மின்கம்பியைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ராமை எடுத்து, அதன் தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு, இருபுறமும் கிளிப் ‘டக்’ என்று மூடும் வரை அழுத்தி மாட்டினாள். கணினி விழித்துக்கொண்டது. கடையில் அன்று அரைமணி நேரம் செலவிட்டுக் காட்டியதன் பலன் இது. அந்தக் காட்சி இல்லாமல் போயிருந்தால், மழையில் ஆட்டோ வைத்துக் கணினியைத் தூக்கிச் சென்றிருப்பார்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு இருட்டில் கழிந்த நாட்களைக் கடலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட பேரிடருக்கு யுபிஎஸ் தீர்வாகாது. சாதாரண மின்வெட்டில், செய்துகொண்டிருப்பதைச் சேமித்துவிட்டு முறையாக அணைக்கும் அவகாசத்தைத் தருவதற்கே வீட்டு யுபிஎஸ் இருக்கிறது. 600 விஏ அளவு இந்தக் கணினிக்குப் போதும். அதில் பிரிண்டரை, குறிப்பாக லேசர் பிரிண்டரை, இணைக்கக் கூடாது. அச்சிடத் தொடங்கும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது. சுவர்த் துளையில் எர்த் இணைப்பு உண்மையாகவே இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துச் சோதிப்பதும், மூன்றாவது முனையை வெட்டிவிட்டு இரண்டு முனைத் துளையில் செருகும் பழக்கத்தை விடுவதும் அவசியம். கேபினெட்டைத் தொட்டால் ‘சுர்’ என்று உணர்வு வருகிறது என்றால் எர்த் சரியில்லை என்றே கொள்ள வேண்டும். மின்கட்டணத்தைப் பற்றி அக்காவுக்கு அச்சம் இருந்தது. கணினியும் திரையும் சேர்ந்து 50 வாட் எடுக்கும் என்று கொண்டால், இருபது மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட் ஆகும்.

இனி அன்றாடப் பயன்பாடு. அக்காவின் தையல் கடையில் ஆர்டர்கள் எல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தன. அவற்றை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸின் கணக்குத்தாளில், வாங்கிய தேதி, பெயர், துணி, தர வேண்டிய தேதி, முன்பணம், பாக்கி என்று பத்திகள் பிரித்து எழுதுகிறார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், தர வேண்டிய தேதியின்படி வரிசைப்படுத்தினால் நாளைக்கு முடிக்க வேண்டியவை மேலே வந்து நிற்கின்றன. பாக்கிப் பத்தியின் அடியில் கூட்டுத்தொகை தானாக மாறுகிறது. இதைக் கைபேசியிலும் செய்யலாம் என்பார்கள். செய்யலாம்தான், ஆனால் ஆறு பத்திகளை ஒரே பார்வையில் பார்க்கவும், விரல் வலிக்காமல் தட்டவும் பெரிய திரையும் உண்மையான விசைகளும் தரும் வசதி வேறு.

தமிழில் தட்டச்சு செய்யும் வசதியைக் கடையில் அமைத்துத் தரவில்லை; கேட்டபோது இணையத்தில் ஏதாவது பதிவிறக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இதில் கடை கவனம் செலுத்த வேண்டும். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், வெளியிலிருந்து எதையும் நிறுவ வேண்டியதில்லை. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கையிலும் இருப்பதால், பழகிவிட்டால் கைகள் மாறி மாறி இயல்பாக ஓடும். அக்கா இப்போது வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறார்.

மருமகள் பாடத்துக்காக பைதான் என்ற கணினி மொழியில் நிரல்களை எழுதிப் பார்க்கிறாள்; அதற்கு இந்தக் கணினி தேவைக்கு அதிகமாகவே வலுவானது. பத்திரப்பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கச் சான்று பார்ப்பதும், பட்டா விவரம் எடுப்பதும், தேர்வு விண்ணப்பத்துக்குப் புகைப்படத்தையும் கையொப்பத்தையும் கேட்ட அளவுக்குச் சுருக்குவதும் இப்போது வீட்டிலேயே நடக்கின்றன. கைபேசிப் படங்களை மாதத்துக்கு ஒருமுறை கணினியில் ஒரு பிரதியும், தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதியும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எஸ்எஸ்டி கெட்டால் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் கெடும். அதிலிருந்து தகவலை மீட்பது கடினம், செலவும் அதிகம்.

உத்தரவாதம்தான் இந்தக் கடையில் எனக்கு நிறைவு தராத விஷயம். ஓராண்டு என்று வாயால் சொன்னார்கள்; ரசீதில் ‘ஒரு வருடம் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. சர்வீஸ் என்றால் கூலி மட்டுமா, பாகமும் சேர்த்தா என்பது அதில் இல்லை. கேட்ட பிறகு, மதர்போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றுக்கு மாற்றுப் பாகமும் உண்டு, மானிட்டருக்கு மூன்று மாதம் மட்டுமே என்று கையால் எழுதி முத்திரையிட்டுத் தந்தார்கள். எஸ்எஸ்டிக்கு அதன் தயாரிப்பாளரின் உத்தரவாதம் தனியே உண்டு. அதற்கு வரிசை எண் ரசீதில் இருக்க வேண்டும். இவற்றை வாடிக்கையாளர் கேட்டுப் பெறும்படி விடாமல், அச்சிட்ட தாளாகவே கடை தர வேண்டும். பழைய எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்கோ உள்ள கணினியை வாங்குகிறவர்கள், அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை விழுக்காடு என்று காட்டும் இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். இந்தக் கடையில் தயங்காமல் காட்டுகிறார்கள்.

புதுச்சேரியில் மலிவாகக் கிடைக்கும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். விற்பனை வரி அங்கே குறைவாக இருந்த காலத்தில் அது உண்மை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு வரியால் வரும் அந்த வேறுபாடு போய்விட்டது. பழுதானால் பேருந்தில் ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கடலூர்க்காரர்கள் உள்ளூரில் வாங்குவதே எளிது.

வீடியோ படத்தொகுப்பு, முப்பரிமாண வரைகலை, பெரிய விளையாட்டுகள் போன்றவற்றுக்காக வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணினி ஏற்றதன்று. சிறிய கேபினெட்டில் பெரிய கிராபிக்ஸ் அட்டைக்கு இடமும் இல்லை, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அவ்வளவு திறனும் இல்லை. கல்லூரிக்குத் தினமும் எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் மடிக்கணினிதான் பார்க்க வேண்டும். வீட்டிலோ சிறு கடையிலோ ஒரே மேசையில் வைத்து எழுத, படிக்க, கணக்குப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். மாலையில் பழுதுபார்க்கும் கூட்டம் அதிகம் இருப்பதால், பெட்டியைத் திறந்து நிதானமாகக் காட்டச் சொல்ல வேண்டுமானால் காலையில் கடை திறந்ததும் செல்வது நல்லது. வீட்டில் கணினியைப் பயன்படுத்தப் போகிறவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.